பழைய டெஸ்க்டாப் கணினியை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2011 முதல் 2017 வரை கடையில் அசெம்பிள் செய்து வாங்கிய வீட்டுக் கணினிகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. இன்டெல் ப்ராசஸர் உள்ள பெட்டியைத் திறந்தால் எச்61, எச்81, எச்110 என்ற மூன்று மலிவு மதர்போர்டு வரிசைகளில் ஒன்று கண்ணில் படும் வாய்ப்பு அதிகம். அலுவலகங்களில் கழித்து விற்ற டெல், எச்பி பெட்டிகளுக்கும் பெரும்பாலானவை பொருந்தும். பொருந்தாத இடங்களைத் தனியே சொல்லியிருக்கிறேன்.

செலவு விஷயத்தில் என் கட்சி ஒன்றுதான். அடுத்த கணினிக்கும் எடுத்துச் செல்லக்கூடிய பாகமென்றால் நல்லதாக, புதிதாக வாங்குங்கள். இந்தப் போர்டோடு ஆயுள் முடிகிற பாகமென்றால் பழையதாக, மலிவாக வாங்குங்கள். இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

என் கணினியில் என்ன போர்டு, என்ன ப்ராசஸர் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பெட்டியைத் திறக்க வேண்டியதில்லை. விண்டோஸ் தேடல் கட்டத்தில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று ஆங்கிலத்தில் தட்டினால் வரும் சாளரத்தில் ப்ராசஸர், மதர்போர்டு, பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) தேதி மூன்றும் இருக்கும். ரேம் எந்த வகை, எத்தனை துண்டு என்பதற்கு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் போதும்.

இன்டெல் ப்ராசஸரில் 'ஐ3', 'ஐ5' என்பதற்குப் பிறகு வரும் நான்கு இலக்க எண்ணின் முதல் இலக்கம்தான் தலைமுறை. ஐ3-2120 என்றால் இரண்டாம் தலைமுறை. ஐ5-4570 என்றால் நான்காம் தலைமுறை. கடைக்காரர் 'ஐ7 சிஸ்டம்' என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. பழைய ஐ7-ஐ இன்றைய ஐ3 எளிதில் முந்திவிடும்.

முதலில் எதை மாற்ற வேண்டும்?

ஹார்ட் டிஸ்க்கை. பத்தில் ஒன்பது வீடுகளுக்கு இதுவே பதிலாக இருக்கும். ஆனாலும் என் சொல்லை நம்பிப் பணம் செலவழிக்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கணினியை அணைத்துப் போட்டு, விண்டோஸ் வந்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் இடப்பக்கம் சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசையாக இருப்பவற்றை ஐந்து நிமிடம் கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் ஒட்டிக்கொண்டு நிற்க, சிபியு 15, 20 என்று சும்மா உட்கார்ந்திருந்தால், ப்ராசஸர் வேலை செய்யத் தயாராக இருக்கிறது, தகவல்தான் வந்து சேரவில்லை. அந்த நேரத்தில் டிஸ்க் படிக்கும் வேகம் வினாடிக்கு ஒன்றிரண்டு மெகாபைட் என்று காட்டும். 100 சதவீத உழைப்புக்கு இவ்வளவுதானா என்று வியக்க வேண்டாம். சுழலும் தட்டின்மேல் முள் இடம் விட்டு இடம் தாவும் நேரம்தான் அது. நீளமான ஒரே கோப்பைப் படிக்கும்போது வினாடிக்கு 100 மெகாபைட்டுக்கு மேல் தரும் அதே ஹார்ட் டிஸ்க், சிதறிக் கிடக்கும் ஆயிரம் சிறு கோப்புகளைக் கேட்டால் திணறிவிடும். விண்டோஸ் தொடங்குவது என்பதே அந்த ஆயிரம் சிறு கோப்புகளைப் படிக்கும் வேலைதான்.

ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் போட வேண்டியது எஸ்எஸ்டி, தகவலைச் சிப்புகளில் சேமிப்பது. அதில் முள்ளும் இல்லை, தட்டும் இல்லை. அதனால்தான் பத்து வருடப் பழைய கணினியும் அதைப் போட்டதும் வேறு ஆளாகிவிடுகிறது.

மெமரி 85, 90 சதவீதத்தில் நின்றால் ரேமும் சேர்த்து வேண்டும். சிபியு 100-இல் நின்றால் மட்டுமே ப்ராசஸரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

என் எச்61 போர்டில் சாட்டா 3 (டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் வேகமான வழி) இல்லை. எஸ்எஸ்டி போட்டால் வீண்தானே?

வீணில்லை. எச்61 வரிசையில் சாட்டாவின் வேகம் வினாடிக்கு 3 கிகாபிட்தான். எஸ்எஸ்டி தரக்கூடிய 550 மெகாபைட்டுக்குப் பதில் பாதிதான் கிடைக்கும். ஆனால் நீங்கள் உணரப்போகும் வித்தியாசம் அந்த உச்ச வேகத்தில் இல்லை, சிறு கோப்புகளைத் தாமதமின்றி எடுப்பதில் இருக்கிறது. அதற்குப் பழைய சாட்டா தடையே அல்ல.

எச்81 போர்டில் சாட்டா துளைகள் இரண்டு வேகமானவை, இரண்டு மெதுவானவை. பல போர்டுகளில் நிறம் வேறுபடும், அருகில் எண்ணும் அச்சிட்டிருக்கும். எஸ்எஸ்டியை வேகமானதில் செருகுங்கள். டிவிடி டிரைவ் அங்கே உட்கார்ந்திருந்தால் அதை மாற்றுங்கள்.

என்விஎம்இ எஸ்எஸ்டி இன்னும் வேகமாமே?

வேகம்தான். ஆனால் அதைச் செருகும் எம்.2 துளை எச்61, எச்81 போர்டுகளில் பொதுவாகக் கிடையாது. பிசிஐ எக்ஸ்பிரஸ் அடாப்டர் வைத்துச் செருகினாலும் அதிலிருந்து விண்டோஸைத் தொடங்க அந்தக் காலத்து பயாஸுக்குத் தெரியாது. பயாஸைத் திருத்தி எழுதும் வித்தைகள் உண்டு. வீட்டில் இருப்பது ஒரே கணினி என்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி போதும்.

கொள்ளளவு 240 அல்லது 256 ஜிபி இருந்தாலே விண்டோஸுக்கும் மென்பொருள்களுக்கும் தாராளம். படங்கள், வீடியோக்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். பெயரே கேள்விப்படாத நிறுவனத்தின் 2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்கு இணையத்தில் வந்தால், அது போலி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை ஒட்டி, அளவை மட்டும் பொய்யாகக் காட்டும்படி செய்திருப்பார்கள். எழுதிக்கொண்டே போனால் பழைய கோப்புகளின்மேல் புதியவை ஏறி எல்லாம் பாழாகும்.

இருக்கிற விண்டோஸை அப்படியே எஸ்எஸ்டிக்கு மாற்றலாமா, புதிதாகப் போட வேண்டுமா?

இரண்டும் நடக்கும். அப்படியே நகலெடுக்கும் மென்பொருளைப் பல எஸ்எஸ்டி நிறுவனங்கள் இலவசமாகத் தருகின்றன. டேலி போன்ற உரிமம் பெற்ற மென்பொருள்கள் இருந்தால் நகலெடுப்பது தலைவலியைக் குறைக்கும். மற்றபடி எட்டு வருடக் குப்பையையும் சேர்த்துப் புது வீட்டுக்குக் கொண்டுபோவானேன்? புதிதாகப் போடுவதே என் தேர்வு.

அதற்கு முன் பயாஸுக்குள் போய் சாட்டா முறை 'ஐடிஇ' என்று இருந்தால் 'ஏஎச்சிஐ' என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸ் போட்ட பிறகு மாற்றினால் நீலத்திரைதான் வரும். புதிதாகப் போடும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன் தொடக்கக் கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிட்டு, பின்னொரு நாள் அதைக் கழற்றும்போது கணினி எழாமல் போகலாம்.

ரேம் எவ்வளவு போட வேண்டும்?

இன்றைய பிரவுசர்களுக்கு 8 ஜிபி குறைந்தபட்சம். இந்த வயதுக் கணினியில் 16 ஜிபிக்கு மேல் செலவழிப்பதில் பயனில்லை. எச்61, எச்81 இரண்டும் இரண்டே துளைகளுடன் 16 ஜிபி வரைதான் ஏற்கும்.

கடைக்குப் போகும் முன் நான்கு விஷயங்களைச் சரிபாருங்கள்.

முதலாவது, வகை. டிடிஆர்3 துளையில் டிடிஆர்4 நுழையாது. காடியின் இடம் வேறு. நுழையவில்லையே என்று அழுத்தினால் போர்டுதான் விரிசல் விடும். எச்110 போர்டுகளில் பெரும்பாலானவை டிடிஆர்4, ஆனால் சில டிடிஆர்3எல் வகைக்குச் செய்யப்பட்டவை.

இரண்டாவது, 'ஏஎம்டிக்கு (இன்டெல்லின் போட்டி நிறுவனம்) மட்டும்' என்று விற்கப்படும் மலிவு டிடிஆர்3 துண்டுகள். இன்டெல் போர்டில் அவை வேலை செய்யா. விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் விளம்பரத்தின் கடைசி வரிவரை படியுங்கள். இந்தச் செய்தி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது, உங்கள் விண்டோஸ் 32 பிட்டா என்று பாருங்கள். அப்படியானால் 4 ஜிபிக்கு மேல் போட்ட ரேம் முழுவதும் வீண். முதலில் 64 பிட்டுக்கு மாறுங்கள்.

நான்காவது, இரண்டு துளையிலும் ஒரே அளவுத் துண்டு இருந்தால் இரட்டைத் தடத்தில் வேலை செய்யும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இதன் பலன் கண்ணுக்கே தெரியும். வேகம் வெவ்வேறான துண்டுகளைக் கலந்தால் இரண்டும் குறைந்த வேகத்துக்கு இறங்கி ஓடும். பொதுவாகச் சண்டை போடாது.

டிடிஆர்3 ரேமைப் பழையதாகவே வாங்கலாம். ரேம் துண்டு எளிதில் தேயும் பொருளல்ல. புதிய ரேம் விலை 2025 இறுதியில் கடுமையாக ஏறியபின், பழைய டிடிஆர்3-இன் மேல் எனக்குக் கூடுதல் மரியாதை வந்துவிட்டது.

ரேம் மாற்றிய பிறகு திரையே வரவில்லை. கெட்டுவிட்டதா?

அநேகமாக இல்லை. மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்தி மீந்த மின்சாரத்தை வெளியேற்றுங்கள். ரேமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூசியைத் தட்டிவிட்டு, இருபுறமும் 'டக்' என்று ஒலிக்கும்வரை செருகுங்கள். முதலில் ஒரே துண்டை வைத்துப் போட்டுப் பாருங்கள். வேலை தொடங்கும் முன் கேபினட்டின் வெறும் உலோகப் பகுதியை ஒரு தடவை தொட்டுக்கொள்வது உடலின் நிலைமின்னிலிருந்து பாகங்களைக் காக்கும்.

ப்ராசஸரை மாற்றினால் பலன் உண்டா?

இரண்டு கோர் பென்டியம் அல்லது ஐ3 இருந்து, அதே சாக்கெட்டுக்கான (போர்டில் ப்ராசஸர் உட்காரும் இடம்) நான்கு கோர் ஐ5 மலிவாகக் கிடைத்தால் உண்டு. ஐ3-4130 இருக்கும் எச்81 போர்டில் ஐ5-4570 அல்லது நான்கு கோர், எட்டு இழை கொண்ட ஐ7-4770 உட்காரும். எச்61-இல் ஐ3-2120 இருந்தால் ஐ5-3470 போடலாம். ஆனால் மூன்றாம் தலைமுறைக்கு பயாஸ் புதுப்பிப்பு தேவைப்படலாம். அதைப் பழைய ப்ராசஸர் உள்ளே இருக்கும்போதே, யுபிஎஸ் இணைப்போடு செய்து முடியுங்கள். பயாஸ் எழுதும் நடுவே மின்சாரம் போனால் போர்டு போயிற்று.

எச்110-இல் ஒரு பொறி இருக்கிறது. எட்டாம் தலைமுறை ப்ராசஸரும் அதே எல்ஜிஏ1151 சாக்கெட் அளவுதான். உள்ளே உட்காரும், ஆனால் ஓடாது. ஏழாம் தலைமுறையோடு அதற்கு எல்லை.

இன்டெல்லில் ஊசிகள் ப்ராசஸரில் இல்லை, போர்டின் சாக்கெட்டில் இருக்கின்றன. பழைய போர்டு வாங்கும்போது சாக்கெட்டின் மூடியைத் திறந்து, கைபேசி விளக்கைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். வரிசை வரிசையாக ஒரே கோணத்தில் மின்னும் ஊசிகளில் ஒன்று மட்டும் வேறு திசையில் மின்னினால் அது வளைந்திருக்கிறது. அந்தப் போர்டை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஏஎம்டி பக்கம் கதை வேறு. 2017-இல் ஏஎம்டியின் ரைசன் ப்ராசஸர்களோடு பரவலான ஏஎம்4 சாக்கெட் போர்டு உங்களிடம் இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. ஏ320, பி350 போர்டுகள் பலவற்றுக்குப் பின்னாளில் வந்த பயாஸ் மூலம் ஆறு கோர் ரைசன் 5 5600 போட முடிகிறது. உங்கள் போர்டுக்கு அந்த பயாஸ் வந்திருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிட்டு வாங்குங்கள். புது ப்ராசஸருக்குக் காசு கொடுப்பதில் நியாயமுள்ள பழைய கணினி இது ஒன்றுதான்.

எஸ்எம்பிஎஸ்ஸில் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) 450 வாட் என்று போட்டிருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு போடலாமா?

அந்த எண்ணை நம்பாதீர்கள். கேபினட்டோடு 'இலவசமாக' வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு லேபிளைப் பாருங்கள். கட்டம் கட்டமாக 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று இருக்கும். ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட்டை. அதன்கீழ் 16 ஆம்பியர் என்று போட்டிருந்தால், 12 பெருக்கல் 16, ஆக 192 வாட். பெரிய எழுத்தில் உள்ள 450-இல் உங்களுக்கு உதவப்போவது அவ்வளவுதான். அதுவும் லேபிள் உண்மை பேசினால்.

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத ஐ5 கணினி முழு உழைப்பிலும் பொதுவாக 150 வாட்டைத் தாண்டாது. அதனால் பழைய எஸ்எம்பிஎஸ் இத்தனை வருடம் ஓடியிருக்கும். அதற்கும் வயதாகிறது. உள்ளே கெப்பாசிட்டர்கள் உப்பும், விசிறி முனகும், வேலை நடுவே கணினி தானாக அணைந்து எழும். எதை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும், பத்து வருடமான மலிவு எஸ்எம்பிஎஸ்ஸை '80 பிளஸ்' முத்திரையுள்ள 450 வாட் ஒன்றால் மாற்றுங்கள். அடுத்த கணினிக்கும் அது வரும். பழைய எஸ்எம்பிஎஸ் சாகும்போது தனியாகச் சாகாமல் போர்டையும் எஸ்எஸ்டியையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும்.

பழையதைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க் போன்ற அலுவலகப் பெட்டிகளின் பல மாடல்களில் வழக்கமான 24 முனை இணைப்பு இருக்காது. சந்தை எஸ்எம்பிஎஸ் நேராகப் பொருந்தாது. மாற்றுக் கேபிள் தேட வேண்டும்.

யூடியூப் வீடியோ திக்கித் திக்கி ஓடுகிறது. இணையமா, கணினியா?

கைபேசியில் அதே வைஃபையில் நன்றாக ஓடினால் கணினிதான். யூடியூப் இப்போது வீடியோக்களை விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கி அனுப்புகிறது. விபி9-ஐப் பிரிக்கும் வன்பொருள் இன்டெல்லில் ஏழாம் தலைமுறையில்தான் முழுமையாக வந்தது. அதற்கு முந்தையவை அந்த வேலையை ப்ராசஸரைக் கசக்கிப் பிழிந்து செய்கின்றன. எச்264இஃபை என்ற பிரவுசர் நீட்சியைப் போட்டால் பழைய எச்.264 முறையிலேயே வீடியோ வரும். சிபியு மூச்சு விடும். பைசா செலவில்லை. இதை முயலாமல் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டு கட்டாயம் வேண்டும். எது?

துளையிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், 75 வாட்டுக்குள் அடங்கும் கார்டாகப் பாருங்கள்: ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, தனி மின்இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1650 ரகங்கள். ஜிடி 710, ஜிடி 730 இரண்டும் விளையாட்டுக்கு உதவா. ஆர்எக்ஸ் 6400 புதியதுதான். ஆனால் நான்கே தடத்தில் பேசும் கார்டு அது, பழைய பிசிஐ எக்ஸ்பிரஸில் தன் வேகத்தில் கணிசமானதை இழந்துவிடும். இன்டெல் ஆர்க் கார்டுகள் பழைய போர்டுகளுக்கானவை அல்ல.

உங்கள் மானிட்டரில் நீல நிற விஜிஏ துளை மட்டும் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்தக் கார்டுகள் பலவற்றில் விஜிஏ இல்லை. எச்டிஎம்ஐயை விஜிஏவாக மாற்றும் அடாப்டர் தேவைப்படும்.

விண்டோஸ் 11 போட முடியுமா?

முறைப்படி முடியாது. குறைந்தது எட்டாம் தலைமுறை இன்டெல், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பான தொடக்க முறை என்று மைக்ரோசாஃப்ட் கேட்கிறது. சுற்றுவழிகளில் போட்டால் ஓடும். வருங்காலப் புதுப்பிப்புகளுக்கு உத்தரவாதம் கிடையாது. கோர் 2 டுயோ காலத்துக் கணினிகளில் 24எச்2 பதிப்பு தொடங்கவே செய்யாது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பிள்ளைகளின் படிப்பு, பிரவுசர், கடிதம் எழுதுவது என்ற அளவில் வேலை என்றால் லினக்ஸ் மின்ட் போடுங்கள். அதன் 22-ஆம் வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ்99 விசைப்பலகையும் வேலை செய்யும். டேலியில் கணக்கு எழுதுபவர்கள் விண்டோஸை விட்டு நகர வேண்டாம். வங்கி வேலையை மட்டும் ஆதரவு முடிந்த கணினியில் செய்யாதீர்கள்.

ஒவ்வொரு முறை போடும்போதும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது.

மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றுங்கள்.

ரிச்சி தெருவில் பழைய பாகங்கள் வாங்கலாமா?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவோ, உங்கள் ஊர்க் கடையோ, விதி ஒன்றுதான்: போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ப்ராசஸர், ரேம் இரண்டையும் பழையதாக வாங்கத் தயங்க வேண்டாம். போர்டு வாங்கினால் கெப்பாசிட்டர்களின் தலை தட்டையாக இருக்கிறதா, சாக்கெட் ஊசிகள் நேராக இருக்கின்றனவா என்று பார்த்து, சில நாள் மாற்று உத்தரவாதத்தைப் பில்லிலேயே எழுதி வாங்குங்கள். ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மூன்றையும் பழையதாக வாங்கவே கூடாது.

போர்டே போய்விட்டது. அதே மாடல் தேடவா?

தேடலாம், ஒரே ஒரு தடவை. மலிவாகக் கிடைத்துப் போட்டதும் ஓடினால் சரி. எச்81 போர்டுக்குப் பதிலாக இணையத்தில் புதிய பெயர்களில் விற்கும் போர்டுகள் சும்மா வேலைக்குப் போதும். நீண்ட நாளுக்கு நான் பந்தயம் கட்டமாட்டேன். போர்டு, ப்ராசஸர், ரேம் மூன்றும் சேர்ந்து புதிய அடிப்படைக் கணினி ஒன்றின் விலையில் பாதியைத் தொட்டுவிட்டால் நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ், மானிட்டர், கீபோர்டு ஏற்கெனவே கையில் இருப்பதால் புதிய கணினியின் செலவும் அந்த அளவு குறையும். போர்டு மாறினால் கணினியோடு வந்த ஓஇஎம் வகை விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் செல்லாமல் போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை என்ன செய்வது?

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அதன் உடல்நிலையைப் பாருங்கள். நீலம் என்றால் காப்புப் பிரதி வைக்கப் பயன்படும். யுஎஸ்பி பெட்டியில் போட்டு, வாரம் ஒரு முறை மட்டும் இணைத்துப் படங்களை நகலெடுத்துவிட்டுக் கழற்றி வையுங்கள். டெஸ்க்டாப்பின் 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி மின் அடாப்டர் உள்ள பெட்டிதான் வேண்டும். லேப்டாப் டிஸ்க்குக்கான சிறிய பெட்டியில் அது அடங்காது. மஞ்சள் காட்டினால் அதை நம்பி எதையும் வைக்காதீர்கள்.

கொடுத்துவிடுவதானால் 'குவிக் ஃபார்மட்' போதாது. அழித்த கோப்புகளை எவரும் மீட்டுவிடுவார்கள். விண்டோஸில் அந்தக் குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் செய்யுங்கள். டிஸ்க் முழுவதும் பூஜ்ஜியம் எழுதப்படும். சில மணி நேரம் ஆகும். உயிரே இல்லாத டிஸ்க் என்றால் துளையிடும் இயந்திரத்தால் தட்டுகளை ஊடுருவி இரண்டு மூன்று ஓட்டைகள் போட்டுவிட்டு, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். சில டிஸ்க்குகளில், முக்கியமாக லேப்டாப் வகையில், தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லு சில்லாகத் தெறிக்கும். கண்ணுக்குக் காப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.